பின்னால் சாய்ந்த கர்ப்பப்பையும் காரைக்குடி டாக்டரம்மாவும்: என் கிளினிக் அனுபவம்

இது ஒரு கிளினிக் பற்றிய ரிவ்யூதான், ஆனால் பெயர் போட மாட்டேன். "எழுதப் போறேன் டாக்டர்" என்று கேட்டபோது, "விஷயத்தை எழுதும்மா, நாலு பேருக்கு உதவும், என் பேரு வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காரைக்குடி ஊருக்குள், கீழே கிளினிக், மாடியில் அவர் வீடு. இவ்வளவுதான் சொல்லலாம். ஸ்கேன் சீட்டில் "ரெட்ரோவெர்ட்டட் யூட்டரஸ்" (பின்னால் சாய்ந்த கர்ப்பப்பை) என்று பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன். உங்கள் ஊரில் எந்த டாக்டரிடம் போனாலும், இந்த விஷயத்தில் அவரிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்றாவது தெரிந்துகொள்ளலாம்.

எனக்கு ஊர் பள்ளத்தூர். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை, வீட்டில் நானும் என் ஆயாவும்தான் (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்). கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, அவர் தீபாவளி லீவுக்கு வந்து போன பிறகு நாள் தள்ளிப்போனது. கார்டில் இரண்டு கோடு பார்த்த அன்று ஆயா பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்.

முதல் ஸ்கேன் இந்த கிளினிக்கில் எடுக்கவில்லை, வேறொரு ஊரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்தேன். அப்போது ஆறு வாரமும் ஒரு நாளும். தண்ணீரைக் குடிக்க வைத்து, முட்டிக்கொண்டு வரும்வரை உட்கார வைத்து, வயிற்றின்மேல் ஜெல் தடவிப் பார்த்தார்கள். பார்த்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, பக்கத்தில் டைப் அடிக்கும் பெண்ணிடம் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே கவுன்ட்டரில் கவரை நீட்டிய பெண், "பை மட்டும்தான் தெரியுது, குழந்தை தெரியலை, ஹார்ட் பீட் வரலை, கர்ப்பப்பை வேற பின்னாடி சாஞ்சிருக்கு, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அந்த ஒரே மூச்சுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். அவர் சொன்னது நாலு தனித்தனி விஷயம். எங்கள் காதில் அது ஒன்றாகிவிட்டது: கர்ப்பப்பை சாய்ந்திருப்பதால் குழந்தை தங்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், கோட்டையூர் தாண்டும் வரை இரண்டு பேரும் பேசவில்லை. சாயங்காலத்துக்குள் பக்கத்து வளவு ஆச்சி ஒருவர் வந்து, "புதுவயல் பக்கம் ஒரு பாட்டி இருக்காக, வயித்தைத் தடவி கர்ப்பப்பையை ஏத்தி விட்டுருவாக" என்றார். அவர் கெட்டது நினைத்துச் சொல்லவில்லை, அவர் காலத்தில் அதுதான் வழி. ஆனால் அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. குனிந்து கோலம் போடப் பயம், மாடிப்படி ஏறப் பயம், மல்லாந்து படுத்தால் இன்னும் சாய்ந்துவிடுமோ என்று பயம். சித்தி மகள்தான் போனில் திட்டி இந்த டாக்டரம்மாவிடம் போகச் சொன்னாள்.

கிளினிக் பார்க்கச் சின்னதுதான். பழைய வீட்டின் முகப்பை மறித்துக் கட்டியது, தரையெல்லாம் ஆத்தங்குடி கல், சுவரோரம் இரண்டு மர பெஞ்சு, மேலே ஒரு ஃபேன். கருவில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம், சொல்வது சட்டப்படி குற்றம் என்ற போர்டு வாசலிலேயே இருக்கிறது. டோக்கன் மூன்றரை மணிக்குக் கொடுப்பார்கள், டாக்டர் நாலு மணிக்கு மேல் இறங்கி வருவார். நான் 11-வது டோக்கன், உள்ளே போகும்போது ஆறரை. ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று முதலில் எரிச்சலாக இருந்தது, உள்ளே போன பிறகு புரிந்தது. ஒவ்வொருவரிடமும் அவ்வளவு நேரம் பேசுகிறார்.

உட்கார்ந்த உடனே ஆயா ஆரம்பித்துவிட்டார். "ஏன் ஆத்தா, இந்தப் புள்ளைக்கு கர்ப்பப்பை சாஞ்சிருக்குன்னு சொல்றாகளே, பிள்ளை தங்குமா?"

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன்னால் தன் வலது கையை மடக்கி மேசைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "ஆச்சி, இந்த முஷ்டிதான் கர்ப்பப்பைன்னு வச்சுக்கங்க, மணிக்கட்டு அதோட வாய். நிறையப் பேருக்கு இப்படி முன்னாடி சாஞ்சு மூத்திரப்பை மேல படுத்திருக்கும்." முஷ்டி முன்னால் கவிழ்ந்தது. "சில பேருக்கு இப்படிப் பின்னாடி முதுகுப் பக்கம் சாஞ்சிருக்கும்." முஷ்டி பின்னால் மடிந்தது. "கை அதே கைதான். உள்ளே இருக்கிற இடமும் அதே இடம்தான். அஞ்சு பொம்பளையில ஒருத்தருக்கு இப்படி இருக்கும். உங்களுக்கே இருந்திருக்கலாம், அப்ப ஸ்கேன் இல்லை, யாரும் சொல்லலை, அவ்வளவுதான்."

ஆயா தன் கையையும் மடக்கி முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தார். ஆறு பிள்ளை பெற்றவர். அந்த நிமிஷம் அவர் முகம் தெளிந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான் இந்த கிளினிக்குக் கொடுக்கும் மார்க்கில் பாதி அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்.

அப்புறம் என்னிடம் திரும்பினார். மாதவிடாயின்போது வலி எப்படி, மாத்திரை போடும் அளவுக்கா, உறவின்போது வலி உண்டா, இதற்கு முன் வயிற்றில் ஆபரேஷன், இன்ஃபெக்ஷன் ஏதாவது உண்டா, கட்டி இருப்பதாக யாராவது சொன்னார்களா என்றெல்லாம் கேட்டார். பிறவியிலேயே இப்படி அமைந்தவர்கள்தான் அதிகமாம். சிலருக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு வெளியே வளர்வது), பழைய இன்ஃபெக்ஷன், ஃபைப்ராய்டு கட்டி மாதிரி ஏதாவது இருந்து, அதனால் கர்ப்பப்பை பின்பக்கம் ஒட்டிக்கொண்டோ இழுபட்டோ இருக்கலாம், அதனால்தான் கேட்கிறேன் என்று காரணமும் சொன்னார். கேள்வியோடு காரணத்தையும் சொல்லும் டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை. சாய்ந்திருப்பதால் மட்டும் கரு கலைவதில்லை, சாய்ந்திருப்பதால் மட்டும் கர்ப்பம் தரிக்காமல் போவதும் இல்லை என்றார். நாலு வருஷத் தாமதத்துக்கு இதுதான் காரணமா என்று நான் கேட்க நினைத்து வாய் வராமல் இருந்ததற்கும் அப்படியே பதில் கிடைத்தது.

ஸ்கேன் அங்கேயே, அவரே எடுக்கிறார். இம்முறை தண்ணீர் குடிக்க வைக்கவில்லை, மாறாக ஒண்ணுக்குப் போய்விட்டு வரச் சொன்னார். இது உள்ளே வைத்து எடுக்கும் ஸ்கேன். கல்யாணமான பெண்கள்கூட இதற்கு ரொம்பப் பயப்படுகிறார்கள், நானும் பயந்தேன். அதனால் நடந்ததை நேராகச் சொல்கிறேன்: விரல் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு குச்சி, அதற்குப் புது உறை, ஜெல், இடுப்புக்கு மேல் போர்வை, நர்ஸ் அக்கா தலைமாட்டில். வலி இல்லை, ஓர் அழுத்தம் மட்டும். குழந்தைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. கர்ப்பப்பை முதுகுப் பக்கம் சாய்ந்திருக்கும்போது வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தால் பை தூரத்தில் இருக்கும், ஆறு வாரத்தில் கரு அரிசி அளவுகூட இராது, மங்கலாகத்தான் தெரியும். உள்ளே வைத்துப் பார்த்தால் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். முதல் இடத்தில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்பது நாள் தூக்கம் போயிருக்காது.

திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் கறுப்பாக ஒரு பை, அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று, அதன் நடுவில் மினுக் மினுக் என்று ஒரு துடிப்பு. ஏழு வாரம் மூன்று நாள், குழந்தையின் நீளம் 12 மில்லிமீட்டர், இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 142. "நாள் கணக்குக்குச் சரியா இருக்கும்மா" என்றார். ஆயாவை உள்ளே கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன், கூப்பிட்டார். ஆயா திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

இனி எழுதுவதை எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். பாக்கியையெல்லாம் வேகமாகத் தாண்டினாலும் பரவாயில்லை.

கர்ப்பப்பை வளர வளர 12 முதல் 14 வாரத்துக்குள் இடுப்பெலும்புக் கூட்டிலிருந்து தானாக மேலே எழும்பிவிடும், அதற்குப் பிறகு முன்னால் சாய்ந்ததா பின்னால் சாய்ந்ததா என்ற பேச்சே இல்லை என்று டாக்டர் சொன்னார். கிட்டத்தட்ட எல்லோருக்கும் அப்படித்தான். ரொம்ப அபூர்வமாக, சில ஆயிரத்தில் ஒருவருக்கு, அது எழும்பாமல் இடுப்புக் கூட்டிலேயே மாட்டிக்கொள்ளும். அப்போது கர்ப்பப்பையின் வாய் முன்னால் தள்ளப்பட்டு மூத்திரம் போகும் வழியை அடைக்கும். இதைச் சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் நீல மையில் இப்படி எழுதிக் கொடுத்தார்: "12 வாரத்துக்கு மேல் ஒண்ணுக்கு வராமல் நின்றாலோ, முட்டிக்கொண்டு சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தாலோ, அடிவயிறு கல் மாதிரி ஆனாலோ உடனே போன் செய்யவும். காலை வரை காத்திருக்க வேண்டாம்." கீழே நம்பர்.

எனக்கு அது நடந்தது. 13 வாரம் ஐந்து நாள். தை மாசம், குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடி கிளம்பும் சமயம், வீட்டில் விருந்தாள் கூட்டம். இரண்டு நாளாகவே மலச்சிக்கல், இடுப்பில் ஒரு கடுப்பு, ஒண்ணுக்குப் போனால் முழுசாகப் போன திருப்தி இல்லை. கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு மேல் போகவே முடியவில்லை. அடிக்கடி வருவது போல இருக்கும், போய் உட்கார்ந்தால் நாலு சொட்டு. ராத்திரி பத்தரைக்கு அடிவயிறு இறுகிப்போய்க் கைவைக்க முடியாத வலி. தண்ணீர் குறைவாகக் குடித்ததால் சூடு பிடித்துவிட்டது, வெந்தயம் ஊறவைத்துக் குடி என்று ஒருவர் சொல்ல, சமையல்கட்டில் வெந்தய டப்பாவைத் தேடும்போதுதான் அந்த நீல மை எழுத்து ஞாபகம் வந்தது. காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தோம்.

இரண்டாவது ரிங்கில் நர்ஸ் அக்கா எடுத்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி, "கடைசியா எப்போ முழுசா போனீங்க?" மத்தியானத்துக்கு முன்னாடி என்றேன். "தண்ணி எதுவும் குடிக்காம உடனே கிளம்பி வாங்க, டாக்டர் கீழே வந்திருவாங்க." அண்ணன் காரில் போய்ச் சேர்ந்தபோது வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, டாக்டர் நைட்டிமேல் வெள்ளைக் கோட்டோடு நின்றார். மூத்திரப்பைக்கு டியூப் போட்டு எடுத்ததில் 700 மில்லிக்கு மேல் வந்தது. வலி போன வேகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அழுதுவிட்டேன். ஸ்கேனில் குழந்தை நன்றாக இருந்தது, கையைக்கூட அசைத்தது. கர்ப்பப்பை மட்டும் இன்னும் எழும்பவில்லை.

டியூபை ஒரு நாள் விட்டு வைத்தார்கள், மூத்திரத்தை டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் டாக்டர் ஒரு வேலை சொன்னார். முழங்காலும் நெஞ்சும் தரையில் படும்படி கவிழ்ந்து, இடுப்பை உயர்த்தி, ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. அப்படி இருக்கும்போது கர்ப்பப்பை தன் கனத்திலேயே இடுப்புக் கூட்டை விட்டு வெளியே சரியுமாம். இது இரண்டு மூன்று நாளில் பலிக்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து டாக்டரே கையால் சரிசெய்ய வேண்டி வரும், அதற்கும் பயப்பட வேண்டாம், ஆனால் வீட்டில் யாரும் வயிற்றை அமுக்கவோ தடவி ஏற்றவோ கூடாது என்று ஆயாவைப் பார்த்துச் சொன்னார். "ஏத்த மாட்டேன் ஆத்தா" என்றார் ஆயா. புதுவயல் பாட்டி பேச்சு அதோடு முடிந்தது. நீங்களாக வீட்டில் இதைச் செய்துபார்க்காதீர்கள். முதலில் மூத்திரப்பை காலியாக வேண்டும், ஸ்கேன் பார்க்க வேண்டும், டாக்டர் சொல்ல வேண்டும்.

வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், தரையில் ஜமுக்காளம் விரித்துக் கவிழ்ந்திருப்பேன். நெற்றி ஆத்தங்குடி கல்லில் படும், அந்தக் குளிர்ச்சி இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பச்சைக் கொடியும் சிவப்புப் பூவும். ஐயா (தாத்தா) மலேயாவிலிருந்து கொண்டுவந்த சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து ஆயா நிமிஷம் சொல்லிக்கொண்டே இருப்பார், "ஏழு… எட்டு… இன்னும் ரெண்டுதான் ஆத்தா." மூன்றாம் நாள் காலையில் எந்தச் சிரமமும் இல்லாமல் ஒண்ணுக்குப் போனது. வெள்ளிக்கிழமை ஸ்கேனில் கர்ப்பப்பை எழும்பி நின்றது. அதற்குப் பிறகு பிரசவம் வரை இந்தப் பிரச்சினை திரும்பி வரவில்லை. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதால் ஆயா கீரையும் வாழைத்தண்டும் தினமும் மாற்றி மாற்றிச் செய்தார், நடுவில் எனக்குப் பிடித்த கும்மாயம் (உளுந்தில் செய்யும் இனிப்பு).

குறைகளும் சொல்ல வேண்டும். பெரிய குறை கழிவறை. கிளினிக்குக்குப் பின்னால் மூன்று படி இறங்கிப் போக வேண்டும், கீழே உட்காரும் வகை, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. கர்ப்பிணிகள் மட்டுமே வரும் இடத்தில், அதுவும் மூத்திரப் பிரச்சினையைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசும் இடத்தில், இது சரியில்லை. நேரிலும் சொன்னேன், கம்பி போடச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். போன மாதம் போனபோது கம்பி வந்திருந்தது, படி அப்படியேதான் இருக்கிறது. காத்திருக்கும் நேரம் அதிகம், பெஞ்சுக்கு முதுகு சாய்மானம் இல்லை, இடுப்பு வலியோடு உட்காருபவர்கள் தலையணை கொண்டு போங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் குழந்தையின் கழுத்துப் பின்பக்கத்தை அளக்கும் என்.டி. ஸ்கேனும், 18 முதல் 22 வாரத்துக்குள் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனும் இங்கே எடுப்பதில்லை, அதற்கென்று படித்தவர்களிடம் எழுதி அனுப்புகிறார். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், தெரிந்துகொண்டு போவது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிரசவமும் இங்கே பார்ப்பதில்லை. முதல் நாளே அதைச் சொல்லி, "உங்க ஊர் நர்ஸ்கிட்ட 12 வாரத்துக்குள்ள பதிஞ்சு நம்பர் வாங்கிடு" என்று அனுப்பிவிட்டார். அந்தக் கர்ப்பப் பதிவு எண் இருந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் உதவிக்கு மனு போட முடியும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்கிறார்கள். தனியார் டாக்டர் ஒருவர் அரசாங்கத் திட்டத்துக்கு இவ்வளவு அக்கறையாகப் போகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் அரசு மருத்துவமனையில்தான் பெற்றேன். நார்மல் டெலிவரி, பெண் குழந்தை, 2 கிலோ 900. கர்ப்பப்பை சாய்ந்திருந்ததற்கும் பிரசவத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை.

செலவு: பார்க்க 300 ரூபாய், உள் ஸ்கேன் 800. அந்த ராத்திரிக்கு டியூப், பை, டெஸ்ட் காசு மட்டும்தான் வாங்கினார். ஞாயிறு லீவு, ஆனால் போன் எடுப்பார்கள்.

பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் காட்டப் போனபோது ஸ்கேன் பார்த்துவிட்டு, "பழையபடி பின்னாடி சாஞ்சு படுத்துக்கிச்சு" என்றார். அது அதன் இயல்பான இடம், ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அடுத்த பிள்ளைக்கும் அந்த மாதிரி அடைக்குமா என்று ஆயாதான் கேட்டார். வரலாம், வராமலும் போகலாம், 12 வாரத்திலிருந்தே பார்த்துக்கொள்வோம், ஸ்கேனை மட்டும் சீக்கிரம் எடுக்க வாங்க என்றார்.

அந்த நீல மைச் சீட்டு இன்னும் காலண்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது. போன வாரம் கோட்டையூரில் இருக்கும் என் தோழி ஒருத்தி, ஏழு வாரம், அழுதுகொண்டே போன் செய்தாள். ரிப்போர்ட்டில் அதே வார்த்தை. சீட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினேன், அப்புறம் வீடியோ காலில் முஷ்டியை மடக்கிக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை டோக்கன் வாங்கியிருக்கிறாள், தலையணையோடு போகச் சொல்லியிருக்கிறேன்.